மூன்று விரல் பிடி

மணவாளனுக்கு வலக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போனது ஓர் ஐப்பசி மாதத்தில். வருஷம் முப்பத்தாறோ முப்பத்தேழோ, உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆவடிப் பக்கம் துரைமார்கள் கோல்ஃப் ஆடிய மைதானத்தில் அவனுக்குத் தரையைச் சமன்படுத்தும் வேலை. மாடு இழுக்கும் கல் உருளை ஒன்று இருந்தது. மழை ஈரத்தில் மாடு சறுக்கி முன்னால் பாய, உருளைக்கும் அதன் மரச்சட்டத்துக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்துவிட்டு, மிச்சம் மூன்று விரல்களோடு வெள்ளானூருக்குத் திரும்பினான்.

வேலை போகவில்லை. உருளையை விட்டு, பந்து விழும் குழிகளில் அடையாளக் கொடிக்கம்பு நடுகிற வேலைக்கு மாற்றினார்கள். அவன் கவலைப்பட்டது அதைப் பற்றியே இல்லை. சித்திரை மாத ஆட்டத்தைப் பற்றித்தான்.

பரந்தாமன், செங்கல்வராயன், முனியன், மணவாளன் நால்வரும் சிறு வயதிலிருந்து அந்த மைதானத்தில் துரைகளின் பை தூக்கியவர்கள். அங்கே அவர்கள் மட்டையைத் துடைக்கலாம், தூக்கலாம், ஆடக் கூடாது. ஆனால் சித்திரை பிறந்தால் துரைகள் ஊட்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். வெள்ளானூர் ஏரியும் அடி தெரியக் காய்ந்துவிடும். நால்வரும் ஏரிக்குள் ஆறு இடத்தில் தயிர்ச்சட்டியைப் புதைத்துக் குழி செய்வார்கள். துரைகள் தூக்கிப்போட்ட இரும்பு மட்டைத் தலையை மூங்கிலில் செருகி, ஒரு நாள் முழுக்க ஆடுவார்கள். ஒரு அடிக்கு ஒரு புளியங்கொட்டை மடியில் விழும். யாருடைய மடியில் கொட்டை குறைவோ அவன் ஜெயித்தான். அன்றைய கறிச்சோற்றில் அவனுக்கு முதல் இலை. பரிசு அவ்வளவுதான். பதினாலு வருஷமாக ஒரு வருஷமும் தவறியதில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் முனியன். என் தாய் வழியில் மாமா முறை. தன்னைப் பற்றிய இடங்களை அவர் கொஞ்சம் அடக்கியே சொல்லியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பொங்கல் கழிந்த வாரம் மூவரும் மணவாளன் வீட்டுக்கு வந்தார்கள். நன்றாக ஆடுகிறவன் பரந்தாமன், ஆகவே பேசியதும் அவன்தான்.

"இந்த வருசம் நீ கொட்டை எண்ணு, மணவாளா. நேர்மையா எண்ண ஒரு ஆளு வேணுமில்ல."

"இத்தினி வருசம் யாரு எண்ணினது?"

"அவனவன்தான்."

"அப்ப இத்தினி வருசம் எல்லாரும் திருட்டுப் பசங்களா?"

செங்கல்வராயன் சிரித்துவிட்டான். "முனியன் ஒருத்தன்தான் மச்சான். திருடியும் கடைசிலதான் வந்துகினு கீறான்."

"நான் ஆடுவேன்," என்றான் மணவாளன்.

"எந்தக் கையால?"

"இடது கையால."

பரந்தாமன் தலையைக் குனிந்துகொண்டான். "மூணு விரல வச்சிகினு நீ பந்தைத் தடவினு நிக்கிறத என்னால பாக்க முடியாது. ஒண்ணு சொல்றேன், கேளு. மொத குழிக்கு நடுவுல மதகு வாய்க்கா கீதில்ல? மொத அடியில அதத் தாண்டு. தாண்டினா ஆடு. இல்லாட்டி குந்திக் கொட்டைய எண்ணு."

"பந்து வாய்க்காலத் தாண்டும்," என்றான் மணவாளன்.

அவர்கள் போன பிறகு மனைவி வேம்புலியம்மாள் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கைய வச்சிகினு சோறு துன்னவே தகராறு. இதுல பந்து ஒரு கேடா?"

"இடது கையால சோறு துன்னா நீ திட்ற. பந்து ஒண்ணும் திட்டாதே."

மறுநாளே அவன் மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தான். வழக்கம்போலப் பிடித்தால் வலது கை கீழே வரும். அங்கே கட்டைவிரல் இல்லாமல் பிடி நழுவியது. கைகளை மாற்றினால் வலது கை மேலே, மட்டைப்பிடியின் நுனிக்குப் போகும். நுனியை இறுக்குவது சுண்டுவிரலும் அதற்கு அடுத்த இரண்டும்தான். அவனிடம் மிஞ்சியிருந்தவை சரியாக அந்த மூன்றும்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் இரும்புத் தலை எல்லாம் வலது கைக்காரனுக்கு வார்த்தவை. அவற்றின் முதுகால் அடித்தால் பந்து எங்கேயோ போகிறது. புளியமரத்து வேர்க்கட்டையில் தானே ஒரு தலையைச் செதுக்கினான். முதல் அடியில் பிளந்தது. இரண்டாவது மூன்று நாள் தாங்கியது. மூன்றாவதை வேம்புலியம்மாள் தெரியாமல் அடுப்பில் வைத்துவிட்டாள். நான்காவது நின்றது.

அடிப்பது எப்படி? இடது கையால் ஆடுகிறவர் யாரும் அந்த மைதானத்தில் இல்லை. பை தூக்கிய நாட்களில் துரைகளுக்கு எதிரே நின்று பார்த்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. வலது கைக்காரனுக்கு எதிரே நின்று, கண்ணாடியைப் பார்ப்பதுபோல அவன் செய்வதை அப்படியே செய்தால், அது இடது கை ஆட்டம். ஆகவே அவனுக்கு ஒரு கண்ணாடி வேண்டியிருந்தது. பரந்தாமனைக் கேட்க ரோசம் விடவில்லை. செங்கல்வராயன் மண்ணூர்பேட்டையில் மாமனார் நிலத்தில் உழுதுகொண்டிருந்தான். மிஞ்சியது முனியன்.

"என்னப் பாத்தா கத்துக்கப் போற?" முனியனுக்கே நம்பிக்கையில்லை. "நான் எப்படி ஆடுவேன்னு தெரியுமில்ல?"

"தெரியும். வேற ஆளு இல்ல. வந்து நில்லு."

வேலைக்குப் போகும் முன் தினமும் காலையில் இருவரும் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் எதிரெதிரே நின்றார்கள். முனியன் ஓங்குவார், மணவாளன் ஓங்குவான். மாசி முழுக்க மட்டை பெரும்பாலும் மண்ணையே தோண்டியது. மழுங்கிய விரல் அடிகள் கன்றி, துணி சுற்றிக்கொண்டான். பங்குனியில் பந்து எழும்ப ஆரம்பித்தது. நடுவில் ஒரு நாள்கூட நிற்கவில்லை. முனியன் காய்ச்சலில் படுத்த நாளில் அவர் வீட்டு வாசலுக்கே போய் நின்று, "எழுந்து ரெண்டு தபா ஓங்கிட்டுப் படுத்துக்கோ," என்றானாம்.

சித்திரையில் அந்த நாள் வந்தது. மணவாளன் முதல் குழியை நோக்கி அடிக்கத் தொடங்கும் இடத்தில் வந்து நின்றான். எண்பது தப்படி தள்ளி மதகு வாய்க்கால், காய்ந்து வெடித்துக் கிடந்தது. மட்டையை ஓங்கினான். அடிக்கும் முன் வலது காலைத் தூக்கி ஒரு தத்துத் தத்தினான். வாயில் "போடு!" என்று ஒரு சத்தம் வந்தது.

செங்கல்வராயன் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "டேய், இது முனியனோட தத்துடா! அந்த 'போடு'வும் அவுனுதே!"

பதினாலு வருஷமாக முனியன் அடிக்கும் முன் இடது காலைத் தூக்குவார், "போடு" என்பார். மணவாளன் அதையும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துத் திருப்பிக் கற்றுக்கொண்டிருந்தான்.

பந்து பறந்தது. வாய்க்காலின் எதிர்க்கரையில் மோதித் திரும்ப உள்ளே உருண்டது.

செங்கல்வராயனின் சிரிப்பும் நின்றது. பரந்தாமன் புளியங்கொட்டை மூட்டையை நீட்டினான். "போதும்டா. வந்து குந்து."

மணவாளன் அவனைத் தாண்டி நடந்துபோய் வாய்க்காலுக்குள் இறங்கினான்.

"இன்னா பேசினோம்?" பரந்தாமன் கரையிலிருந்து கத்தினான்.

"தாண்டும்னு சொன்னேன். மொத அடியிலன்னு சொன்னது நீ." குரல் மட்டும் மேலே வந்தது. "பந்து கெடக்கிற எடத்துல இருந்துதான் அடிக்கணும். துரைங்க சட்டமே அதான்."

இரண்டு அடி, மூன்று அடி. மண் மட்டும் மேலே பறந்தது. ஐந்தாவதில் பந்து எதிர்க்கரை ஏறியது. பின்னாலேயே தலை நிறையப் புழுதியோடு மணவாளனும் ஏறினான். திரும்பிப் பார்க்காமல் அடுத்த அடிக்கு நின்றான். பரந்தாமன் கொஞ்ச நேரம் மூட்டையோடு நின்றான். பிறகு அதை வாய்க்கால் கரையில் வைத்துவிட்டுத் தன் பந்தை அடிக்கப் போனான்.

நாலு குழி வரைக்கும் மணவாளன் ஆட்டம் பார்க்கச் சகிக்காது என்றார் முனியன். ஐந்தாவது குழிக்கு அடித்தபோது தத்து இருந்தது, "போடு" இருந்தது, ஆனால் மட்டை பந்தில் பட்ட சத்தம் வேறாக இருந்தது. பந்து தாழ்வாக, நேராகப் போய், பரந்தாமன் பந்துக்குப் பத்துத் தப்படி முன்னால் விழுந்தது.

பரந்தாமன் தன் பந்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னொரு தபா அடி, பாக்கலாம்."

"ஆட்டத்துல இன்னொரு தபா கெடயாது, மாமே," என்றான் மணவாளன், நடந்துகொண்டே.

பரந்தாமனுக்கு முப்பத்தொரு கொட்டை, செங்கல்வராயனுக்கு முப்பத்தாறு. முனியனுக்கு நாற்பத்தேழு. முதல் முறையாகக் கடைசி இடம் இல்லை என்று தெரிந்ததும் அவர் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக் குதித்தாராம். மணவாளன் இன்னும் ஆறாவது குழிக்குப் போய்ச் சேரவில்லை. கறிச்சோறு ஆறியது. செங்கல்வராயன் பசிக்கிறது என்று முனகினான். பரந்தாமன் முதல் இலையில் உட்கார மறுத்துவிட்டான். "ஆட்டம் முடியல இன்னும்," என்றான்.

வெயில் சாயும்போது எழுபத்தொன்பதாவது அடியில் பந்து சட்டிக்குள் விழுந்தது. மணவாளன் குனிந்து அதை எடுத்தான். மூன்று விரல்களிலும் ரத்தம் கசிந்திருந்தது.

பரந்தாமன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். "அடுத்த வருசம் விடியக்காலயே ஆரம்பிக்கணும்டா. இவன் ஆட்டத்துக்கு ஒரு பகல் பத்தாது."

"எந்தக் கெழமை?" என்று மட்டும் கேட்டான் மணவாளன்.