ஒதிய மரத்துப் புழுக்கள்

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரோரம் ஒரு ஒதிய மரம் நிற்கிறது. போன மழைக்காலத்தில் அதன் இலைகளில் கொழுத்த பச்சைப் புழுக்கள் வந்தன. உடம்பெங்கும் மஞ்சள் குமிழ்கள், குமிழ்களில் சிறு முட்கள்.

எதிர்வீட்டு அண்ணன் மரம் வெட்டுகிற ஆளையே கூட்டி வந்துவிட்டார்.

"டீச்சர், இம்புட்டுப் புழுவ வச்சுக்கிட்டு எப்படிக் குடியிருக்கிறது? பிள்ளைகளுக்கு அரிச்சா யாரு பொறுப்பு?"

நான் ஒரு புழுவை இலையோடு எடுத்து என் முழங்கையில் விட்டேன். அது மெதுவாக ஊர்ந்து ஏறியது.

"இது கம்பளிப்பூச்சி இல்லண்ணே. எனக்கு அரிக்கல, பாருங்க."

"உங்களுக்கு அரிக்காது. தெருவுக்கு அரிக்கும்."

"தெருவுல யாருக்கு அரிச்சுச்சு? கூட்டிட்டு வாங்க."

யாரும் வரவில்லை. நான் நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.

"ஊரோட ஏன் மல்லுக்கட்டுற?" என்றார் என் கணவர்.

"நம்ம மரம். அதுக்கு நான் யாரக் கேக்கணும்?"

எனக்கு இந்தப் பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருடம் எங்கள் வாசல் சுவரில் உள்ளங்கையை விடப் பெரிய அந்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. வெளிறிய பச்சைச் சிறகு, பஞ்சு போன்ற வெள்ளை உடம்பு, பின்னால் நீண்ட இரண்டு வால்கள். படமெடுத்து, பூச்சிகளை ஆராயும் என் கல்லூரித் தோழிக்கு அனுப்பினேன்.

"நிலா அந்துப்பூச்சிடி. நம்ம பக்கம் இப்ப அபூர்வம். ஒதிய மரத்துல முட்டை வைக்கும். மரத்த விட்டுராத" என்றாள்.

நாற்காலி போட்டுக் காவல் இருந்த மறுநாள், நான் பள்ளிக்குப் போன நேரத்தில் தெருப்பக்கக் கிளையை வெட்டிவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் சாக்கடை ஓரத்தில் இலையும் புழுவுமாகக் கிடந்தது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருவே பார்க்க, உயிரோடிருந்த புழுக்களைப் பொறுக்கி மீதிக் கிளைகளில் விட்டேன். என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

புழுக்கள் தின்று பெருத்து, இலைகளைச் சேர்த்து இழையால் கட்டி, பழுப்புக் கூட்டுக்குள் அடங்கின. சில கூடுகளைக் குளவி கெடுத்தது. ஒரு ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்போது, ஒரு கூடு நனைந்து பிளந்தது. கசங்கிய துணிபோல வெளியே வந்த பூச்சி கிளையில் தொங்கியபடியே சிறகை விரித்தது. அன்று சர்ச்சுக்கு நேரம் கழித்துத்தான் போனோம்.

அதற்குத் தின்ன வாயே கிடையாது. புழுவாகத் தின்றதை வைத்துச் சில நாள் வாழும்; இணை சேர்ந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். அந்தச் சில நாளுக்கு ஒரு மரம் வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்வீட்டு அண்ணன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் மட்டும் வாசலில் நின்று கேட்டார்: "அடுத்த மழைக்கும் புழு வருமா டீச்சர்?"

"வரும்ணே. வெட்டிப் போட்ட கிளையிலருந்து ரெண்டு கொம்பு எடுத்து உள்பக்கமா ஊனிருக்கேன். துளிர்த்துருச்சு."