கோட்டைமேட்டின் கீழே வண்டிக் காவல்

என் அண்ணன் எழுதியிருப்பது பொய்.

சபையின் மாதப் பத்திரிகையில் அப்பாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறான். லீவு நாட்களில் அப்பா எங்களைக் கோட்டை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனதெல்லாம் அதில் வந்திருக்கிறது. என்னைப் பற்றி இரண்டே வரி. தங்கைக்கு ஞாபகசக்தி குறைவு, ஆகையால் பாவம் அவள் எப்போதும் வண்டிக்குக் காவலாகக் கீழேயே இருந்துவிடுவாள் என்று. போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நாலைந்து பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "எக்கா, வீட்டுக்கு வழி ஞாபகமிருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. வழியும் இருக்கிறது, மற்றதும் இருக்கிறது.

அப்பா பாளையங்கோட்டையில் சரித்திர வாத்தியார். கோட்டை என்று ஊருக்குப் பெயர் இருந்ததே தவிர மதிலை வெள்ளைக்காரத் துரைத்தனத்தார் எப்போதோ இடித்துவிட்டார்கள். வாசல் மேடையும் அங்கங்கே குட்டிச்சுவரும்தான் மிச்சம். சாயங்காலங்களில் அப்பா எங்கள் மூன்று பேரையும், அம்மா, அண்ணன், நான், அந்த இல்லாத மதிலைச் சுற்றி நடக்க வைப்பார். "இங்கன ஒரு கொத்தளம் இருந்துச்சு" என்று கை நீட்டுவார். அந்த இடத்தில் யார் வீட்டு எருமையோ நிற்கும். அண்ணன் எருமைக்கு சலாம் போடுவான். நான் சிரிப்பேன். அந்த நடை எனக்குப் பிடிக்கும். நாலு பேரும் சேர்ந்தே போவோம், சேர்ந்தே வருவோம்.

வண்டிப் பயணம் அப்படி இல்லை.

அம்மா பிறந்த ஊர் ஏரல். கோடை லீவுக்கு மாமா வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருப்போம். அங்கிருந்து சனிக்கிழமைதோறும் வாடகை வண்டி பிடித்து அப்பா எங்களைப் பழைய இடங்களுக்குக் கூட்டிப் போவார். அதிகம் போனது கோட்டைமேட்டுக்கு. செம்மணல் தேரிக்காட்டை ஒட்டி ஒரு உயரமான மேடு. மேலே பாளையக்காரர் காலத்து மண்கோட்டை, பாதி கரைந்து கிடந்தது. அப்பாவுக்கு அது சலிக்கவே சலிக்காது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாகக் கண்டுபிடிப்பார்.

கட்டுச்சோற்றை நாயும் காக்கையும் விட்டுவைக்காது. அதனால் யாராவது ஒருத்தர் வண்டியோடு கீழே இருக்க வேண்டும். வண்டிக்காரர் இருக்க மாட்டார். மாட்டை அவிழ்த்துப் புளியமரத்தில் கட்டிவிட்டுப் பனங்காட்டுக்குள் கள்ளுக்குப் போய்விடுவார். ஆகவே அப்பா ஒரு சட்டம் வைத்தார். வாரம் முழுக்க மனப்பாடம் செய்த வேத வசனத்தை அண்ணனும் நானும் வண்டியில் போகும்போது ஒப்பிக்க வேண்டும். தடுமாறுகிறவர் வண்டிக்குக் காவல். நியாயமான சட்டம்தான். அதில் நான் குற்றம் சொல்லவில்லை.

வண்டியில் அப்பா முன்பக்கம் ரோட்டைப் பார்த்து உட்காருவார், பின்னால் அம்மா எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்காருவாள். முதல் தடவை நான் பாதி தூரம் சரியாகச் சொல்லிக்கொண்டு போனபோது என் தொடையில் சுரீர் என்றது. அம்மாவின் நகம். "ஆ" என்று கத்தி நின்றுவிட்டேன்.

"தடுமாறிட்டா" என்றார் அப்பா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபின் அந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "அண்ணனுக்கு அந்த வசனம் பாதிதான் தெரியும். ஆம்பளப் பிள்ள, அப்பா முன்னால தோத்தா தாங்க மாட்டான். நீ தாங்கிக்கிடுவ."

எனக்கு அப்போது எட்டு வயது. தாங்கிக்கொள்ளுவேன் என்று யார் சொன்னது?

அதற்குப் பிறகு நகம் பட்டாலே நிறுத்திவிடப் பழகிவிட்டேன். சில நாள் நகம் படுவதற்கு முன்பே நிறுத்தினேன். நான் முதலில் சொல்லி முதலில் தோற்றுவிடுவதால் அண்ணனைப் பாதி வசனத்தோடு அப்பா விட்டுவிடுவார். அண்ணனுக்கு இது தெரியும். அம்மாவின் கை என் பக்கம் நகருவதை அவன் பார்ப்பான். பார்த்துவிட்டு வண்டித் தட்டியின் இடுக்கு வழியே வெளியே வேடிக்கை பார்ப்பான்.

அவர்கள் மேட்டில் ஏறும்போது பேசுவது முதலில் வார்த்தையாகக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் வெறும் சத்தமாகக் கேட்கும். அப்புறம் அதுவும் கேட்காது. பனையோலை உரசும். மாடு அசை போடும். அது தலையை ஆட்டினால் மணி ஒரு தடவை அடிக்கும், அடுத்த தடவை எப்போது என்று காத்திருப்பேன். சிவப்பு மண் காற்றில் வந்து சோற்று மூட்டையில் படியும், தட்டிவிடுவேன். பேச்சுக்கு ஒரு ஆள் கிடையாது. அம்மாவின் குடை மட்டும் மதில் மேல் ஒரு தடவை தெரியும், பிறகு உள்ளே இறங்கி மறைந்துவிடும். அதைப் பார்த்ததும் அழுகை வரும். அழுதாலும் பார்க்க ஆள் இல்லாததால் அடக்கிக்கொள்ளவும் தேவையில்லை.

அப்புறம் மாட்டின் முன்னால் நின்று அன்றைய வசனத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் சொல்லுவேன். ஒரு எழுத்து தப்பாது.

ஒரு நாள் சொல்லி முடித்துத் திரும்பினால் வண்டிக்காரர் பின்னால் நிற்கிறார், கண் சிவந்து, வாய் நிறையச் சிரிப்போடு.

"என்ன பாப்பா, இன்னிக்கும் நீதானா காவலு?"

"நாந்தான் அண்ணாச்சி."

"மாட்டுகிட்ட தண்ணியாக் கொட்டுதாப்ல வசனம் சொல்லுத. உங்க அப்பாகிட்ட சொல்லுததுக்கு என்ன கேடு? மாடு என்ன உனக்குப் பரிசா குடுக்கப் போகுது?"

"நீங்க கள்ளு குடிச்சத அப்பாகிட்ட சொல்லிருவேன்."

"ஆத்தாடி, இதுக்கு வாய் மட்டும் இருக்கு!" என்று மரத்தடியில் படுத்துக்கொண்டார்.

மேலிருந்து வந்தவர்கள் சாப்பிடும்போது பார்த்ததையெல்லாம் பேசுவார்கள். கிணறு இருக்கிறதாம், கல்லைப் போட்டால் ரொம்ப நேரம் கழித்துத்தான் சத்தம் வருமாம். அப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசுவார். இலை எடுத்துப் போடும் வேலை எனக்கு.

ஒரே ஒரு பயணம் நன்றாக இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மண்கோட்டை உண்டு. அதற்குள் குடும்பங்கள் குடியிருந்தன, வெளி ஆண்கள் உள்ளே போகக் கூடாது. அப்பா போகாத இடத்துக்கு நாங்களும் போகவில்லை. நாலு பேரும் வெளியே நின்று மதிலைப் பார்த்தோம், சுற்றி நடந்தோம், ஆற்றங்கரையில் சாப்பிட்டோம். அண்ணன், "இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். எனக்கு ஒன்றும் குறையாகத் தெரியவில்லை. அன்றைக்கு எல்லாரும் என்னைப் போல வெளியே நின்றார்கள்.

மூன்று லீவு இப்படிப் போயின. நாலாவது லீவு வந்தபோது எனக்குப் பதினோரு வயது. லீவு முடிந்ததும் என்னை மேல் வகுப்புக்கு அனுப்புவதா, தையல் வகுப்பில் போடுவதா என்று அப்பா முடிவு செய்ய வேண்டியிருந்தது. மாமாவிடம் அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன்: "வாத்திச்சி ஆக்கணும்னுதான் ஆசை. ஆனா எதுவும் மனசுல நிக்க மாட்டேங்கு. பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பா?"

அந்த சனிக்கிழமை நகம் பட்டாலும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தேன்.

வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டி நின்றது. அப்பா யாரிடமோ பேசப் போனார். அண்ணன் ரோட்டோரத்து நாவல் மரத்தில் கல் எறிந்து பழம் உதிர்த்தான். அவன் தின்றான், எனக்கும் ஒரு கை கொடுத்தான். நான் தின்னவில்லை. நாவல் தின்றால் தொண்டை கட்டும், வசனம் நின்றுவிடும் என்று பயம். கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டேன். வண்டி ஆட்டத்தில் எல்லாம் நசுங்கிவிட்டது. வெளியே போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தேன்.

பிறகு சொன்னேன். நடுவில் நகம் பட்டது, இன்னொரு தடவை பட்டது, ரத்தம் வந்ததைப் பிறகுதான் பார்த்தேன். நிறுத்தவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னேன். அப்பா முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்தது அதற்கு முன் கிடையாது.

அண்ணன் முறை வந்தது. மூன்றாம் வரியில் நின்றுவிட்டான். என் கையைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"அப்பா, அவ கையில எழுதி வச்சிருந்தா. இப்ப அழிச்சிட்டா."

"ஏட்டி, கையைக் காட்டு."

காட்டினேன். உள்ளங்கை முழுக்க ஊதா. மை கரைந்தது போலவே இருந்தது.

"நாவப்பழம்ப்பா. அண்ணன்தான் பறிச்சுத் தந்தான்."

"ஏலே, பறிச்சியா?"

அப்பா இப்போது அவன் முகத்துக்கு நேராகத் திரும்பியிருந்தார். அண்ணன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் நாக்கு தெரிந்திருக்கும்.

முன்னால் இருந்து வண்டிக்காரர், "ஐயா, அந்தப் புள்ள நல்லாச் சொல்லும், நானே…" என்று ஆரம்பித்தார். "அண்ணாச்சி, நீரு வண்டிய ஓட்டும்" என்றார் அப்பா. அப்புறம் என்னிடம், "திரும்பச் சொல்லு" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வார்த்தை வந்தது, இரண்டாவது வந்தது, பிறகு அழுகைதான் வந்தது. அழுகையும் வசனமும் ஒரே தொண்டையில் வராது.

அப்பா அடிக்கவில்லை. "மறதி இருந்தா மன்னிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கோட்டைமேட்டில் மூன்று பேரும் இறங்கி ஏறினார்கள். அன்றைக்கு நான் மாட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

லீவு முடிந்ததும் தையல் வகுப்பு. அடுத்த வருஷம் வண்டியில் எனக்கு இடமில்லை, பெரிய பிள்ளையாகிவிட்டேன் என்றார்கள். அப்போதே அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பார்கள். சொன்னேன். "களவுக்கு மேல பொய்யா?" என்று கேட்டுவிட்டுப் புஸ்தகத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். என் பத்தொன்பதாவது வயதில் அவர் செத்துப் போனார். தன் மகள் மந்தபுத்தி, அதோடு கள்ளி என்று நினைத்துக்கொண்டே போனார். அண்ணன் காலேஜ் முடித்து இன்றைக்கு ஹெட்மாஸ்டர். நான் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குச் சட்டை தைக்கிறேன்.

போன வருஷம் அம்மாவும் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஒரு சனிக்கிழமை ஏரலுக்குப் போய் வண்டி பிடித்துக் கோட்டைமேட்டுக்குத் தனியாகப் போனேன். வண்டிக்காரர் வேறு ஆள். ஏறினேன். மேலே ஒன்றும் இல்லை. உடைமுள், ஆட்டுப் புழுக்கை, கரைந்த சுவர். கிணறு பாதிக்கு மேல் தூர்ந்திருந்தது. கல்லைப் போட்டேன், உடனே சத்தம் வந்துவிட்டது.

பிறகு சுவரோரம் வந்து கீழே பார்த்தேன். புளியமரம் தெரிந்தது. வண்டி தெரிந்தது. வண்டிக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டின் நிறம்கூடத் தெரிந்தது. மரத்தடியில் இருக்கிற ஆள் என்ன செய்கிறார் என்று அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். அத்தனை தடவையும் அவர்கள் என்னைப் பார்த்திருக்கலாம். இது எனக்குத் தெரியாது. கீழே நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாத உயரம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அண்ணே, இனி உன்னோடுதான் பேச்சு. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த வண்டியில் இருந்தவர்களில் மிச்சம் நீயும் நானும்தான். வீட்டுக்கு வந்து சமாதானம் பேசாதே, ஆள் அனுப்பாதே. இதை அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போடாவிட்டால் சபைக் கோவில் வாசலில் நின்று நானே வாசிப்பேன். நீ எழுதின அதே பக்கத்தில், உன் பெயர் போட்டு, எல்லாரும் படிக்கும்படி பதில் எழுது. அந்த வசனத்தில் தடுமாறியது யார்? அன்றைக்கு உன் நாக்கு என்ன நிறத்தில் இருந்தது?