வாசலில் வைத்த சோற்றுப் பார்சல்

களனிக்கு அப்பால் ஒரு பெரிய வளவில், நாட்டின் ஒவ்வொரு பகுதி வீட்டையும் மாதிரிக்குக் கட்டிவைத்து டிக்கட் போட்டுக் காட்டினார்கள். அங்கே நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்கா என்னை அரித்தெடுத்துவிட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய சொந்த நாற்சார் வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுவிட, கொழும்பு வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டில் இருந்தார். நடு முற்றத்தில் ஒருதரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

வீட்டைக் கண்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றைக் காணோம். கிணறு இல்லாமல் யாழ்ப்பாணத்தில் எவன் ஐயா வீடு கட்டினான்? சனம் பிள்ளையார் படம் மாட்டிய சாமியறைக்குள் ஐஸ்கிறீமும் கையுமாகப் போய்வந்தது.

அக்கா செருப்பைக் கழற்றினார். பைக்குள்ளிருந்த மத்தியானச் சோற்றுப் பார்சலை எடுத்து வாசற்படியில் வைத்தார்.

"ஏன் அக்கா அதை அதிலை வைக்கிறியள்?"

"மீன்பொரியல் கிடக்கெல்லே. சாமிக்கு முன்னாலை மச்சத்தோடை போய் நிக்கிறதே?"

கொழும்பில் இத்தனை வருடம் இருந்த எனக்காவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். ஆளில்லாத பார்சல் என்றால் குண்டென்று ஊரே ஓடுகிற காலம் அது. உறைக்கவில்லை. அக்கா முற்றத்தில் இறங்கக் காலைத் தூக்கினார். அதற்குள் வெளியே விசில் சத்தம்.

"மேக்க காகெத?" யாருடையது என்று கத்திக்கொண்டு காவலர்கள் ஓடிவந்தார்கள். சனம் தெறித்து ஓடியது. எங்களை வெளியே இழுத்தார்கள். ஒருவன் அக்காவைக் கொண்டே பார்சலைப் பிரிக்கவைத்து, தடியால் கிளறினான். சோறும் மீனும் மண்ணில் கொட்டுண்டன. அதன்பிறகாவது விட்டார்களா? அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததே, போதாதா! நான் சாமி, மீன் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்த, அவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டைக் காட்டி டிக்கட் விற்கலாம், அந்த வீட்டுக்காரர் வந்தால் மட்டும் விசாரணை.

காவலர்களில் பெரியவன் அட்டையிலிருந்த விலாசத்தை வாசித்துவிட்டு, அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டான்.

அக்கா என்னைப் பார்த்தார். "அவையின்ரை ஆக்கள்தான் இருக்கினம் எண்டு சொல்லு."

நான் பெரியவனிடம் திரும்பினேன். "கவுருத் நே, சேர்," என்றேன். ஒருவரும் இல்லை.

விட்டுவிட்டார்கள். முற்றத்துக்குத் திரும்பிப் போக விடவில்லை. அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தைப் பஸ்ஸில் வாய் ஓயாமல் கொட்டிக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கி வாங்கியே நான் சொன்னது விளங்குமளவு சிங்களம் அக்கா பழகியிருந்தது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இறங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"அவன் கேள்விதான் கேட்டவன். என்ரை வீட்டிலை ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னது நீ."