அக்கா பேசிய ரேடியோ

கொண்டாப்பூர் வீட்டில் மகளின் பொம்மையைத் திறந்தபோது கசிந்த பேட்டரியின் புளித்த வாடை அடித்தது. அதே ஊரில் நான் வளர்ந்த போலாரம் வீட்டு அலமாரியில் இருந்த பேட்டரி ரேடியோ நினைவுக்கு வந்து, அதன்பிறகு எதிலும் மனம் நிற்கவில்லை.

அதில்தான் என் அக்கா, உள்ளூர் வர்த்தக ஒலிபரப்பில், தினமும் மாலையில் தெலுங்கில் புடவைக்கடை விளம்பரங்கள் படிப்பாள். அந்த வேலைக்காக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரின் இன்னொரு பக்கம், உப்பலில் இருந்த ஹாஸ்டலுக்குப் போனவள். அவள் குரல் வந்ததும் அப்பா செய்தித்தாளை மடிப்பார், பிரிப்பார், வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பார். கரகரப்பு கூடினால் நாங்கள் எழுவதற்குள் அவரே வந்து ஏரியலைத் திருப்பிவிட்டு மறுபடி நடக்கத் தொடங்குவார்.

நஷ்டத்தில் அந்த வானொலி நிலையத்தை மூடிய கடைசி மாலையில், படிக்க விளம்பரம் எதுவும் இல்லாமல் பாட்டாகவே போட்டுக்கொண்டிருந்த அக்கா திடீரென்று தமிழில் பேசினாள்.

"அப்பா, நாளைலேர்ந்து எனக்கு வேலை இல்ல. வீட்டுக்கு வரட்டுமா?"

அம்மா அழுதாள். அப்பா ரேடியோவைப் பார்த்து, "வாம்மா, இதைப் போய்க் கேக்கணுமா?" என்றார். அது அவளுக்குக் கேட்காது என்று உறைத்ததும், சட்டையை மாட்டிக்கொண்டே உப்பல் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.