எங்கள் வீட்டுக்கு மூத்தவரான தங்கையார்

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிய சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் கும்பிடு. அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ‘பிறந்தார், இருந்தார்’ என்று படித்தால் அச்சுப்பிழையோ என்று தோன்றும். பள்ளிக்கூடத்துச் சீருடையில் நிற்கிற பெண்ணுக்கு எதற்கு இத்தனை மரியாதை? அச்சகத்துக்காரர்கூட, “ஏனுங்க, மலர் அம்மாவுக்குங்களா?” என்று கேட்டார். படத்தை நீட்டினேன். மரியாதைக்குக் காரணம் உண்டு. ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் தோற்றவனிடம் கட்டுரை எழுதச் சொன்னது குடும்பத்தின் தவறு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கையார் மலைமேல் செம்மநத்தத்தில், ஜீப்பே ஏற யோசிக்கும் மேட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் பிறந்தார். அப்பா, அம்மாவுக்கு அத்தை மகன். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. தலைப்பிள்ளையாக நான் பிறந்தேன், குறை ஒன்றும் இல்லாமல். என் கூட வேலை செய்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பத்து வருடம் கழித்து வந்த தங்கையார்தான் நடக்கப் பழகும்போதே தடுமாறினார். விரல்கள் மடங்கியபடியே நின்றன. வயிறு உப்பியது. ஓயாத சளி. காற்று பட்டிருக்கிறது என்று கயிறு கட்டினோம். கயிறு நைந்ததே தவிர விரல் நிமிரவில்லை.

கடைசியில் கீழே சேலத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்துவிட்டு, பரம்பரையாக வரும் அபூர்வமான குறைபாடு என்றார். நோயின் பெயர் எங்கள் மலைப்பாதையைவிட வளைவு அதிகம், எழுத மாட்டேன். உடம்புக்குள் வழவழப்பான ஒரு பொருள் தினமும் உண்டாகுமாம். அதை உடைத்துக் கரைக்க ஒரு என்சைம் வேண்டும். அது இவருக்குச் சுரக்கவில்லை. கரையாதது எலும்பிலும் மூட்டிலும் ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படிந்துகொண்டே இருக்கும்.

நான் எஸ்டேட்டில் காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவன். தோல் போன பிறகும் கொட்டைமேல் ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும். தொட்டியில் ஊறப்போட்டால்தான் அது விடும். தங்கையார் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். டாக்டரம்மா பேசி முடித்ததும் கேட்டார்:

“அப்ப எனக்குள்ள காப்பிக்கொட்டை ஊறவெக்கற தொட்டி கட்டாம உட்டுட்டாங்களா டாக்டர்?”

“அப்படித்தான் கண்ணு.”

“எங்கண்ணனுக்குக் கட்டியிருக்காங்களே. அது எதுக்குங்க வீணா?”

அதன்பின் வாரம் தவறாமல் பயணம். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறி, மலை இறங்கி, ஊசி வழியாக அந்த என்சைமைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு, பொழுது சாய மலை ஏறுவோம். துணைக்குப் போவது நான் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் வளைவுகளில் வாந்தி எடுப்பது நான். மடங்கிய விரல்களால் பையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்வது அவர்.

மருந்தால் வயிறு வற்றியது. மூச்சு சீரானது. ஈரல் சுருங்கியது. நாங்கள் விரல் நிமிர்கிறதா, முதுகு வளைகிறதா என்று எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவும் கூட வந்திருந்த ஒரு நாள் டாக்டரம்மா தங்கையாரின் கழுத்தில் கருவியை வைத்து ஸ்கேன் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “ரத்தக்குழாயோட சொவரு தடிச்சு வெறைப்பா இருக்கு. நாப்பது வயசுக்காரங்களுக்கு இருக்கிற மாதிரி. இதயத்துக்குப் போற குழாயும் இப்படித்தான் இருக்கும்னு பயப்படறேன். இந்த மருந்து ஈரலுக்குப் போற அளவுக்குக் குழாய்ச் சொவத்துக்குப் போறதில்ல.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தங்கையார்தான், “எங்கண்ணனுக்கும் பாருங்க டாக்டர். தெனமும் ஒண்டிக்கடைல பஜ்ஜி திங்கறாரு, அடைச்சிருக்கும்” என்றார். மத்தியானம் கூட்டம் இல்லை. டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே என் கழுத்தில் கருவியை வைத்தார். குழாய் அருமையாக இருக்கிறதாம், வயதுக்கு ஏற்றபடி. நல்ல சேதி கேட்டு வெட்கப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். எண்ணெயைக் குடித்தவன் நான். குழாய் தடித்தது கஞ்சி குடித்தவருக்கு.

திரும்பும் பஸ்ஸில் மலை ஏறினோம். பாதி மலையில் தங்கையார் ஆரம்பித்தார்.

“ஏண்ணா, எனக்கு நாப்பதுன்னா உனக்கு நான் அக்கா தானே?”

“ஆமாங்க.”

“இனிமே மரியாதையாப் பேசோணும். வா போ எல்லாம் கூடாது.”

“சரிங்க.”

“சும்மா சொல்லல. நான் போயிட்டா, சின்னப் புள்ளைன்னு குழியில போட்டு மூடிட்டு டீ குடிக்கப் போயிராதீங்க. பெரிய மனுசியாட்டம் அனுப்போணும். கருமாதி, மேளம், எல்லாம்.”

“வாயக் கழுவு சாமி” என்று அம்மா அதட்டினார். நான் எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். அன்று பையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் அவருக்கு ‘ங்க’தான். “சாப்ட்டீங்களா?” என்பேன். “ம்ம், ஆச்சு” என்பார், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டம்மா மாதிரி.

போன வருடம் பூ மழை பெய்து காப்பிச் செடிகள் பூத்து வெள்ளையாக நின்ற வாரம். கையைத் தலைக்குமேல் தூக்க முடியாததால் தினமும் அம்மாதான் அவருக்குத் தலை சீவுவார். ஒரு சடை போட்டாயிற்று. மறு சடையைப் பாதி பின்னும்போது, “அம்மா, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு” என்று சாய்ந்தார். நான் ஜீப்புக்கு ஓடினேன். ஜீப் வந்தபோது அதற்கு வேலை இல்லை. பாதியில் நின்ற சடையை அம்மா அதற்கப்புறம்தான் பின்னி முடித்தார். இதை எழுதும்போதாவது ஒரு வேடிக்கை தோன்றுமா என்று பார்த்தேன். தோன்றவில்லை.

எங்கள் ஊரில் கல்யாணம் ஆகாத பிள்ளைக்குக் கோடித்துணி எடுப்பதில்லை, கருமாதி இல்லை, மேளம் இல்லை. மூன்றாம் நாள் பால் தெளிப்பதோடு சரி. பெரியப்பா அதைத்தான் சொன்னார். நான் தங்கையார் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன், ஸ்கேனையும் சொன்னேன்.

“அட கிறுக்கா, நாப்பதுன்னே வெச்சுக்க. எனக்கு எளையவதானடா?”

“ஆமாங்க பெரியப்பா. எனக்கு மூத்தவங்க. என்னையக் கும்பிட உடுங்க.”

நான் எப்போதும்போல விளையாடுகிறேன் என்று ஓரிரண்டு பேர் சிரிக்கப் பார்த்தார்கள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, “கரடியூர் மாமனுக்குப் போன் போடு. கோடி எடுத்துட்டு வரச் சொல்லு. மேளத்துக்கும் ஆள் அனுப்பு” என்றார்.

மாமா கொண்டுவந்த கோடிச் சேலைதான் தங்கையார் உடுத்திய முதல் சேலை. சின்ன உடம்புக்கு அது இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியது. வயதில் மூத்தவர்கள் பூப் போட்டுவிட்டு ஒதுங்கி நிற்க, இளையவர்கள் வரிசையில் முதல் ஆளாக நான் காலில் விழுந்தேன்.

வாராவாரம் டிரைவருக்குப் பின்னால் சீட் பிடித்துவைத்த கண்டக்டர் அண்ணனுக்கும், உண்மையை மறைக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கும், நரம்பு கிடைக்காத கையில் பொறுமையாக ஊசி போட்ட நர்ஸ் அக்காமார்களுக்கும், வழக்கத்தை விட்டுக்கொடுத்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், எலும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இதயத்தையும் ரத்தக்குழாயையும் அவ்வப்போது பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

இன்னும் ஒரே ஒரு விண்ணப்பம். இந்த மலரைப் பிள்ளைகளின் புத்தகங்களோடு வைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் படங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

கும்பிட்டு எழுதும்,
பத்து வருடம் முன்னால் பிறந்த தம்பி