ஸ்டியரிங்குக்குச் சுற்றிய பூ

ஒரு வாரமாக எங்கள் பழைய காரின் ஸ்டியரிங் மேலே ஏறியபடியே நின்றது. பொத்தானை அமுக்கினால் ஓட்டுபவர் உயரத்துக்குத் தானாக இறங்க வேண்டியது, உறுமிவிட்டு அடங்கிவிடும்.

பழியை மனைவி மேல் போட்டேன். "நீ குள்ளம்னு தெனமும் இறக்கி இறக்கி மோட்டாரக் காலி பண்ணிட்ட."



இன்று காலை இருவருமாகச் செல்லூர் மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஃபியூஸைப் பார்த்தார். பொத்தானை அமுக்கிக் காது கொடுத்துக் கேட்டார்.

"மோட்டார் உசுரோடதாண்ணே இருக்கு. என்னமோ இழுத்துப் பிடிக்குது."

ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த மூடியைக் கழற்றி, எதையோ பிடித்து இழுத்தார். வாழைநார் வந்தது. வந்துகொண்டே இருந்தது, சருகாகிப்போன மல்லிகையோடு.

"இம்புட்டுப் பூவா! யாருண்ணே சுத்துறது?"

வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி ஸ்டியரிங் தண்டில் சுற்றுவது நான்தான். ஒப்புக்கொண்டேன்.

ஸ்டியரிங் சமர்த்தாக இறங்கியது. மனைவி ஏறி உட்கார்ந்து, தன் உயரத்துக்கு அதை இறக்கிக்கொண்டு, மெக்கானிக் முன்னாலேயே கேட்டாள்.

"காருக்கு வாரம் ஒரு மொழம். எனக்கு எப்பங்க கடைசியா வாங்கித் தந்தீக?"

மெக்கானிக் சட்டென்று திரும்பி ஸ்பானர் தேட ஆரம்பித்தார்.

வரும் வழியில் மூன்று முழம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போதுமா என்று அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.