மூணாவது தடவை கூப்பிடல

இது கட்டுக்கதையா இருந்தா எனக்கும் நிம்மதிதான். ஆனா என் காதால கேட்டேன். என் பொண்டாட்டியும் கேட்டா.

நான் பூட்டு ரிப்பேர் பண்றவன். சாவியைத் தொலைச்சிட்டு வெளியில நிக்கிறவங்க எனக்குத்தான் போன் பண்ணுவாங்க. என் தம்பி ராணுவத்துல கமாண்டோ. வீட்டுல அவனுக்குப் பேரு பூனை. லீவுல வந்தா சத்தமே இல்லாம பின்னாடி வந்து நிப்பான். "எமகாதகா, செருப்பையாவது தேய்ச்சு நடடா!"ன்னு என் பொண்டாட்டி திட்டுவா.

அன்னிக்கு அவன் கடல் தாண்டி எங்கேயோ ஒரு சண்டையில இருந்தான். ரொம்ப நாளா போன் இல்லை. இங்க சரியான மழை. டிவி பார்த்துட்டிருந்தோம். மணி ஏழு பத்து.

"அண்ணே... கதவைத் திற."

பொண்டாட்டி நிமிர்ந்தா. "உங்க தம்பி குரல் மாதிரி இருக்கே?"

"உளறாத. அவன் எங்க இருக்கான், நாம எங்க இருக்கோம்?"

வாய்தான் அப்படிச் சொல்லுச்சு. கை தானா டிவி சத்தத்தைக் குறைச்சுது. எங்க வெளிகேட்டைத் திறந்தா கிறீச்சுனு தெருவுக்கே கேக்கும். அது கேக்கவே இல்லை.

இருட்டினப்புறம் வாசல்ல யாராவது கூப்பிட்டா, மூணாவது தடவைதான் பதில் சொல்லணும், பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதுன்னு எங்கம்மா சின்ன வயசுல எங்க ரெண்டு பேரையும் மிரட்டி வச்சிருந்தாங்க.

கதவுகிட்ட போனேன்.

"அண்ணே... கதவைத் திற."

இப்போ குரல் கீழேருந்து வந்துச்சு. தரையில படுத்துக்கிட்டுப் பேசுற மாதிரி.

தாழ்ப்பாள்ல கை வச்சேன்.

மூணாவதுக்குக் காத்திருந்தேன்.

மழை...

கூப்பிடல.

இன்னும் அழுத்தித் தாழ் போட்டேன். கூடப் பொறந்தவன் குரலுக்கு.

காலையில பார்த்தா வாசலெல்லாம் தண்ணி. கால்மிதி மட்டும் காஞ்சு கிடந்துச்சு. அது மேல ஒரு கை அளவு மணல். எங்க பக்கம் இல்லாத செம்மணல். பொண்டாட்டி பார்க்கறதுக்குள்ள பெருக்கித் தள்ளிட்டேன். அதை நினைச்சா இப்பவும் கூசுது.

ரெண்டு நாள் கழிச்சு செய்தி வந்துச்சு.

வந்தவங்க எல்லாரும் அவனோட வீரத்தைப் பேசினாங்க. நான் தலையே தூக்கல. துக்கம்னு நினைச்சுக்கிட்டாங்க.

அவன் கூடவே இருந்த சிப்பாய் ஒருத்தர், அவன் பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தார். தமிழ் தெரியாதவர். அவர் பாஷை எனக்குக் கொஞ்சம் புரியும்.

"குண்டு பட்டு மணல்ல விழுந்தான். சுத்தி ஒரு வீடு கிடையாது. சாகுறப்ப ஒண்ணு சொன்னான். அப்படியே மனசுல வச்சிருக்கேன். அர்த்தம் சொல்லுங்க."

நாக்கைப் பழக்கிக்கிட்டு மெதுவா சொன்னார்.

"அன்னே... கதவே தெற."

பொண்டாட்டி என்னைப் பார்த்தா.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா கூப்பிட்டிருக்கான்"னேன். அவ எழுந்து உள்ள போயிட்டா.

கேட் வரைக்கும் அவரை வழியனுப்பப் போனேன். மனசு கேக்கல.

"எத்தனை தடவை கூப்பிட்டான்?"

"மூணு"ன்னார். "மூணாவது தடவை வாய் மட்டும் அசைஞ்சுது. சத்தம் வரல."